கழிச்ச குட்டி

பேரு என்பது நாயின் பெயர். கிருஷ்ணபிரசாத் சார் வைத்தது பேர்ல். இங்கிலீசில் முத்து என்று அர்த்தமாம். தோப்பில் வேலை பார்க்கிற எங்கள் வாயில் அது பேரு என்றுதான் வந்தது. வருகிறவர்கள் நாய்க்குப் பேரு என்ன என்று கேட்டால், பேருதான் என்போம். கேட்டவர் கொஞ்ச நேரம் முழிப்பார். கண்ணுச்சாமி அந்த முழியைப் பார்ப்பதற்காகவே புது ஆட்களிடம் நாயைக் காட்டுவான்.

சாருக்கு அலங்காநல்லூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தென்னந்தோப்பு. குடியிருப்பது பழங்காநத்தம். கப்பலூரில் போல்ட் நட்டு போடுகிற கம்பெனி வைத்திருக்கிறார். தோப்பில் ராஜபாளையம் நாய் வளர்க்கிறார். கண்ணுச்சாமிக்குத் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற வேலை. எனக்கு நாய்க் கொட்டடி வேலை. பெருக்க வேண்டும், கழுவ வேண்டும், கறி வேகவைத்துச் சோற்றில் பிசைந்து வைக்க வேண்டும். அதற்கு முன்னால் நடவு, களையெடுப்பு, கதிரறுப்பு, அப்புறம் கட்டடத்துக்குச் சித்தாள். முட்டி தேய்ந்து ஏணி ஏற முடியாமல் போனதும் இங்கே வந்தேன். நாய் படாத பாடெல்லாம் பட்டுவிட்டுக் கடைசியில் நாயிடமே வந்து சேர்ந்தேன் என்று என் வீட்டுக்காரர் கேலி பேசுவார்.

ராஜபாளையம் பால்வெள்ளையாக இருக்க வேண்டும். மூக்கு ரோஸ் நிறம். உடம்பில் வேறு நிறம் ஒரு பொட்டு இருக்கக் கூடாது. ஊரில் இதைச் சாதி நாய் என்பார்கள்.

பேரு ஒரு ஈற்றில் போட்ட குட்டிகள் எல்லாம் வெள்ளை. ஒன்றுக்கு மட்டும் இடது காது செம்மண் நிறம். இடுப்புப் பக்கம் புளியங்கொட்டை அளவுக்கு அதே செம்மண் ஒரு திட்டு. கண்ணுச்சாமி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“அக்கா, இது மறைதான்! மாடாப் பொறந்திருந்தா வாடிவாசல்ல மைக்குல பேரு சொல்லிக் கூப்பிடுவாய்ங்க.”

திட்டுத்திட்டாக வேறு நிறம் விழுந்த உருப்படியை எங்கள் பக்கம் மறை என்போம். மறைக்காளை வருகிறது என்றால் நெருங்குவதற்கே ஆள் யோசிக்கும். அந்த மரியாதை நாய்க்கு இல்லை என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது.

சேதி கேட்டு சார் காரை எடுத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு குட்டியாகத் தூக்கிப் பார்த்தார், முகமெல்லாம் சிரிப்பு. மறைக்குட்டியைத் தூக்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது. திருகு மரை கோணிய போல்ட்டைப் பார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ச்ச. இது வேண்டாம். சோணையம்மா, இதைக் கழிச்சிருங்க.”

எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது.

களத்து வேலை பார்த்தவர்களுக்கு அந்தச் சொல் தெரியும். நெல் தூற்றும்போது நல்ல மணி பொலிக் குவியலில் விழும். கருக்காயும் அரைமணியும் மண்ணோடு சேர்ந்து ஓரத்தில் ஒதுங்கும். நிலத்துக்காரர் வரப்பில் நின்றுகொண்டு, “அதைக் கழிச்சிரு” என்பார். கழித்தது வேலை பார்த்தவர்களுக்கு. அவர் அதைத் திரும்பக் கேட்கக் கூடாது. என் ஆத்தா அந்தக் கருக்காயைக் குத்திப் புடைத்துத்தான் எங்களுக்குக் கஞ்சி காய்ச்சினாள். நான் வளர்ந்ததே கழித்த நெல்லில்தான்.

ஆக, சார் எனக்கு ஒரு குட்டி கொடுத்துவிட்டார். கேட்காமலே கொடுத்துவிட்டார்.

“நல்லா இருங்க சார்” என்றேன்.

சார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “யாருக்கும் தெரிய வேணாம்.”

“நான் எதுக்கு சார் சொல்லப்போறேன்?” கண்ணுச்சாமிக்குப் பொறாமை வந்துவிடும் என்று யோசிக்கிறார் போல என்று எடுத்துக்கொண்டேன்.

“உங்களுக்குக் கஷ்டமா இருந்தா கண்ணுச்சாமியைச் செய்யச் சொல்லுங்க.”

“எனக்கு என்ன சார் கஷ்டம்? நானே பாத்துக்கிறேன்.”

சார் தலையை ஆட்டிக்கொண்டே போய்க் கையைக் கழுவினார். இரண்டு பேரும் தமிழில்தான் பேசினோம்.

சார் தோப்புக்கு வருவது ஞாயிற்றுக்கிழமை. எனக்கு லீவும் அன்றைக்குத்தான். குட்டி மற்ற நாளெல்லாம் தாயிடம் பால் குடித்தது. சனிக்கிழமை சாயங்காலம் கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவேன். லீவு நாளில் என் குட்டியை இன்னொருத்தர் பார்க்க வேண்டும் என்று விட்டுவிட்டு வருவது முறையில்லை என்று பட்டது. பக்கத்து வீட்டு ஆட்டுப்பாலை ஊற்றினேன். பால்குடி மறந்ததும் வீட்டோடு வைத்துக்கொண்டேன். மறையன் என்று பெயர் வைத்தோம். வளர வளர இடுப்புத் திட்டும் விரிந்து வெற்றிலை அகலம் ஆனது. தெருவில் குரல் கொடுத்தால் எந்த மூலையில் இருந்தாலும் காதைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பான்.

கொட்டடியில் வளர்ந்த வெள்ளைக் குட்டிகளில் இரண்டுக்குக் காது கேட்கவில்லை. சோற்றுத் தட்டைக் கீழே வைக்கிற சத்தத்துக்கு மற்றதெல்லாம் பாய்ந்து வரும், அவை இரண்டும் தூங்கும். வெள்ளையில் அப்படி வருவது உண்டு என்று சாரே சொல்லியிருக்கிறார்.

குட்டிகளுக்கு ஊசி போடுகிற நாளில் நானும் மறையனைக் கூட்டிக்கொண்டு போனேன். சார் வருவார் என்று தெரியும். தெரிந்துதான் போனேன். கொடுத்தவரிடம் வளர்ந்ததைக் காட்ட ஆசை இருக்காதா?

சார் காரை விட்டு இறங்கும்போதே மறையன் வாலை ஆட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றான்.

“இது எங்கேர்ந்து வந்துச்சு?”

“நீங்க குடுத்ததுதான் சார். மறந்துட்டீகளா?”

“நான் குடுத்தேனா?”

“கழிச்சிருங்கன்னீகளே.”

சார் கார்க் கதவை மூடாமல் அப்படியே நின்றார். “சோணையம்மா, கழிக்கிறதுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாமயா? எம்புட்டுக் களம் பாத்திருக்கேன்.”

“அது இல்லம்மா.” கையைக் காற்றில் ஒரு தள்ளு தள்ளினார். தண்ணீருக்குள் எதையோ அமுக்குகிற மாதிரி இருந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நல்லா இருங்க சார் என்று நான் சொன்னதும் சேர்ந்து ஞாபகம் வந்தது.

“கொல்லச் சொன்னீகளா சார்?”

“நான் அப்படிச் சொல்லலை.”

“அப்ப எப்பிடிச் சொன்னீக?”

அவர் தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்தார். கண்ணுச்சாமி மம்பட்டியைக் கீழே போட்டுவிட்டு, “நானும் அக்காவுக்குக் குடுத்துட்டீங்கன்னுதான் சார் நெனச்சேன். எனக்குக் குடுக்கலையேன்னு வருத்தங்கூடப் பட்டேன்” என்றான்.

சார் கெட்ட மனிதர் இல்லை. பேருக்கு வயிற்றுப்போக்கு கண்டபோது கொட்டடியில் பாய் விரித்துப் படுத்தவர். கொல் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. வாயால் சொல்லாமலே செய்துமுடிக்க அவருக்கு ஒரு சொல் கிடைத்திருந்தது. அவ்வளவுதான். அந்தச் சொல் என்னிடம் வந்து வேறு சொல்லாகிவிட்டது. எனக்கு முன்னால் கொட்டடி வேலை பார்த்தவர்களிடம் அது அவர் நினைத்த சொல்லாகவே போய்ச் சேர்ந்திருக்கும்.

சார் குரலைத் தாழ்த்திப் பேசினார். “நான் சொல்றதைக் கேளுங்க. எங்க நாய்க் கிளப் தலைவர் வெங்கட்ரமணன் சார் கண்ணுல இது பட்டா அம்புட்டும் போச்சு. ஒரு ஈத்துல மறை விழுந்தா அந்த ஈத்தையே ஒதுக்கிருவாங்க, தாயையும் சேர்த்து. கண்காட்சி வருது. எத்தனை வருசமா நான் எடுத்த பேரு.”

“சரி சார், நான் என்ன செய்யணும்?”

“யாராவது கேட்டா ரோட்டுல கெடந்துச்சுன்னு சொல்லுங்க. நம்பலைன்னா, தோப்புக்குள்ள தெருநாய் பூந்துருச்சு, அதுக்குப் பொறந்ததுன்னு சொல்லிருங்க.”

“பேரு மேல பழி போடச் சொல்றீக.”

“நாய்தானே சோணையம்மா?”

“அதான் சார். நாய்தானே? அதுக்குப் போயி எதுக்குப் பொய்யி?”

அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, “இதை எங்கிட்ட குடுத்துருங்க, தூரத்துல யாருகிட்டயாவது விட்டுர்றேன். பதிலுக்கு வெள்ளைக்குட்டி ஒண்ணு தர்றேன், எடுத்துக்கங்க” என்று கொட்டடியைக் காட்டினார். அவர் காட்டியது காது கேட்காத குட்டியை.

“காது கேக்காதது சாதி. கூப்பிட்ட குரலுக்கு ஓடியார்றது கழிவு. அம்புட்டுத்தான சார்?”

“எனக்கும் தெரியும்மா. விதியை நான் எழுதலை.”

“எழுதலைன்னா அழிக்கவாச்சும் செய்ங்க.”

“யோசிச்சு வைங்க” என்று காரில் ஏறினார். “வேலை வேணுமா, அந்தக் குட்டி வேணுமான்னு.”

யோசித்தேன். முட்டி இருக்கிற நிலையில் வேறு வேலை எனக்கு யார் தருவார்கள் என்பதையும் சேர்த்துத்தான் யோசித்தேன். ஒரு பிள்ளை யாருக்குப் பிறந்தது என்று நாலு பேர் கூடி நின்று பேசுவதும், தாய் மேல் பழியைப் போட்டு வம்சத்தைச் சுத்தமாக்குவதும் எங்கள் ஆட்களுக்குப் புதிதில்லை. இதை நாயிடம் பழகிவிட்டு மனிதரிடம் வந்தார்களா, மனிதரிடம் பழகிவிட்டு நாயிடம் போனார்களா என்பதுதான் தெரியவில்லை. மறையனை ரோட்டில் கிடந்தவன் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையைத்தான் என்னால் சொல்ல முடியாது.

பஸ் ஸ்டாப்புச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நான் எழுத்துக் கற்றுக்கொண்டது பேரன் பேத்தி எடுக்கிற வயதில். அதனால் கண்ணில் படுகிற எதையும் விடுவதில்லை. ‘தூய இன நாட்டு நாய்கள் கண்காட்சி. அனைவரும் வருக.’ கஷ்டப்பட்டுக் கற்ற எழுத்து. போட்டிருப்பதைப் போட்டிருக்கிறபடிதான் எடுத்துக்கொள்வேன். அனைவரும் வருக என்று போட்டிருந்தது.

மறையனைக் குளிப்பாட்டினேன். கழுத்துக்கு என் பழைய சேலைக் கரையைத் திரித்துக் கட்டினேன். ஷேர் ஆட்டோவில் நாயை ஏற்ற மாட்டேன் என்றார்கள். தெரிந்த பால்வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார்.

ஊருக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபத்துத் திடலில் பந்தல் போட்டிருந்தார்கள். வாசலில் பேட்ஜ் குத்திய பையன்கள் வழி மறித்தார்கள்.

“அம்மா, கலப்பு நாயெல்லாம் அங்கிட்டு. தத்துக்குடுக்கிற பந்தலு அந்தா இருக்கு.”

“இது ராஜபாளையம் தம்பி.”

“யாரு சொன்னா?”

“இதோட ஆத்தா.”

ஒருத்தன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பில் நாங்கள் உள்ளே போய்விட்டோம்.

திடல் நடுவில் கம்பு நட்டுச் சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். ராஜபாளையம் குட்டிகள் வரவும் என்று மைக்கில் கூப்பிட்டதும் கயிற்றுக்கு உள்ளே போய் வரிசையில் நின்றேன். எனக்கு அந்தப் பக்கம் வெள்ளை, இந்தப் பக்கம் வெள்ளை. கொஞ்சம் தள்ளி கிருஷ்ணபிரசாத் சார், காலடியில் மறையனோடு பிறந்த பெட்டைக்குட்டி. என்னைப் பார்த்ததும் அவர் முகம் நாயை விட வெளுத்தது. கயிற்றுக்கு வெளியே கண்ணுச்சாமி தண்ணீர் வாளியோடு நின்றான்.

பக்கத்தில் நின்றவர், கழுத்தில் தடிச் சங்கிலி போட்டவர், மறையனைப் பார்த்துவிட்டு, “என்னக்கா, சாயம் கொட்டிருச்சா?” என்றார்.

“இல்லண்ணே. ஒங்களுதுதான் வெளுத்துப்போச்சு போல.”

சுற்றி நின்ற கூட்டம் ஓ என்றது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தன் நாயை ஓர் அடி தள்ளி நிறுத்திக்கொண்டார்.

வெங்கட்ரமணன் சார் வந்தார். ரிட்டையரான பாங்கு அதிகாரியாம். உயரம், வெள்ளைத் தொப்பி, குரலில் ஒரு அதட்டல் கிடையாது. ஒவ்வொரு நாய்க்கும் பல்லைப் பார்த்தார், முதுகைத் தடவினார், நடக்கவிட்டுப் பார்த்தார். என்னிடம் வந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“குட்டி அழகா இருக்கும்மா. ஆனா இந்த வரிசை இதுக்கு இல்லை.”

“ஏன் சார்?”

“ராஜபாளையம்னா வெள்ளைதான்.”

“இவன் அப்பன் வெள்ளை. ஆத்தா வெள்ளை. கூடப்பொறந்தது அம்புட்டும் வெள்ளை. இவன் மட்டும் வேற எங்கிட்டுப் போவான்?”

“நீங்க சொல்றது உண்மையாவே இருக்கலாம்” என்றார். “அபூர்வமா இப்படி விழும். நானே பாத்திருக்கேன். ஆனா இன்னைக்கு இதை உள்ளே விட்டா, நாளைக்கு எவனாவது ஏதோ ஒரு குட்டியைப் புடிச்சிட்டு வந்து இதுவும் ராஜபாளையம்னு விப்பான். வாங்குறவன் எதை நம்பி வாங்குவான்? காணாமப் போயிருக்க வேண்டிய இனம்மா இது. பாதி ஆயுசைப் போட்டு மீட்டு வச்சிருக்கோம்.”

அவர் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த நியாயத்துக்குள் மறையனுக்கு உயிரோடு நிற்க ஓர் அடி இடம் இல்லை.

“அந்தப் பாதி ஆயுசுல இவனை மாதிரி எத்தனைய சார் கழிச்சீக?”

அவர் என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. பழைய கணக்கு ஒன்று நினைவு வந்தவர் மாதிரி கண்ணை மூடித் திறந்தார்.

“இது யாரோட ஈத்து?”

சாரை நான் பார்க்கவில்லை. அவரைக் காட்டிக்கொடுக்க நான் வரவில்லை. பொய் சொல்லவும் வரவில்லை.

“பேரோட குட்டி சார்.”

“எந்தப் பேரு?”

“பேருதான்.”

“பேரு என்னன்னுதான் கேக்கிறேன்.”

“அதான் சார், பேரு.”

கூட்டம் சிரித்தது. கண்ணுச்சாமிக்குப் பொறுக்கவில்லை. இத்தனை பேருக்கு முன்னால் என்னைக் கிறுக்கச்சியாக ஆக்குகிறார்கள் என்று நினைத்துவிட்டான். வாளியை வைத்துவிட்டு, “பேர்லு சார்! எங்க பிரசாத் சாரோட பேர்லு!” என்று கத்தினான். கத்தியபிறகு வாயைப் பொத்திக்கொண்டான்.

சிரிப்பு நின்றுவிட்டது. வெங்கட்ரமணன் சார் மெல்லத் திரும்பினார்.

“பிரசாத்? உங்க ஈத்தா?”

சார் வாயைத் திறந்தார். தெருநாய் என்கிற வார்த்தை வரப்போகிறது என்று நான் மறையனின் சேலைக்கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மறையன் அந்த நேரம் பார்த்து வரிசைக்குக் குறுக்கே இழுத்துக்கொண்டு போய்த் தன் கூடப்பிறந்தவளின் முகத்தை நக்கினான். சார் குனிந்து இரண்டையும் பார்த்தார். கொல் என்ற வார்த்தை வராத வாயில் அந்த வார்த்தையும் வரவில்லை. இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை.

“அப்ப ரெண்டு குட்டியும் வெளியே” என்றார் வெங்கட்ரமணன் சார். “மன்னிக்கணும் பிரசாத். விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

பேட்ஜ் குத்திய பையன்கள் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார்கள். சார் பெட்டைக்குட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். பின்னால் நானும் மறையனும்.

வெளியே வந்ததும் அவர் நின்றார். என் பக்கம் திரும்பினார். “திருப்தியா? இப்ப திருப்தியா உங்களுக்கு? நாளைலேர்ந்து தோப்புப் பக்கம் வர வேணாம்.”

“சரி சார். பேரு பச்ச முட்டை குடிக்காது. அவிச்சுத்தான் வைக்கணும். புதுசா வாரவுககிட்டச் சொல்லிருங்க.”

அவர் கைக்குட்டையை எடுத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அப்புறம் திருப்தியான்னு கேட்டீக” என்றேன். “இல்ல சார். வெளியதான நிக்கிறோம்.”

கயிறு தொடை உயரத்தில் இருந்தது. தூக்கிப் பிடித்துக் குனிந்து நுழைந்தால் சுலபம். குனிய மனசு வரவில்லை. கம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கிப் போட்டேன். முட்டி உயிர் போகிற மாதிரி வலித்தது. மற்ற காலையும் போட்டேன். மறையன் ஒரே தாவில் தாண்டி எனக்கு முன்னால் நின்றான்.

நின்றிருந்த அதே இடத்தில் போய் நின்றோம். சங்கிலி போட்டவர் இந்தத் தடவை தன் நாயை நகர்த்தவில்லை. “நில்லுக்கா” என்றார் வாய்க்குள்.

வெங்கட்ரமணன் சார் தூரத்திலிருந்தே தலையை ஆட்டினார். “அம்மா, நான் மார்க் போட மாட்டேன்.”

“போட வேணாம் சார். நிக்கிறோம்.”

மற்ற நாய்களுக்கெல்லாம் பரிசு கொடுத்து முடித்தார்கள். வரிசை கலைந்தது. வெள்ளை நாய்கள் ஒவ்வொன்றாக வெளியே போயின. அடுத்து கோம்பை நாய்கள், உள்ளே நிற்கிற அம்மா தயவுசெய்து வெளியே வரவும் என்று மைக்கில் சொன்னார்கள். மறையன் குரல் வந்த திசையில் காதைத் தூக்கிக் கேட்டான். கேட்டுவிட்டு, முன்னங்காலை நீட்டி மண்ணில் படுத்துக்கொண்டான். இன்னொரு தடவை சொன்னார்கள்.

சொல்லட்டும்.